குட்டித் தீவுக்கு எதற்கு அஞ்சல்தலை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் ஒரு குட்டித் தீவின் வீடுகளைக் காட்டும் நினைவு அஞ்சல்தலையைப் போட்டிருந்தீர்கள். படம் அழகு. கூடவே வந்த குறிப்புதான் உறுத்தியது. ஐம்பது பேரும் இருநூறு பேரும் வாழும் தீவுகளுக்குத் தனி அஞ்சல்தலை எதற்கு, எல்லாம் சேகரிப்பவர்களிடம் காசு பிடுங்கும் ஏற்பாடு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் எழுதியவர்.

காசுக்காகத்தான். அதில் என்ன குற்றம்? பசிபிக்கிலுள்ள பிட்கெர்ன் தீவு 1940-இல் சொந்த அஞ்சல்தலை வெளியிட்டது. அதை விற்ற பணத்தில்தான் அங்கே புதிய பள்ளிக்கூடம் எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், 1957-இல் வந்த 4 பென்ஸ் தலையில் 'பிட்கெர்ன் பள்ளி' என்று அச்சிட்டிருந்தார்கள். படத்தில் இருந்ததோ வாத்தியார் குடியிருந்த வீடு! ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். மறு ஆண்டே 'பள்ளி ஆசிரியர் வீடு' என்று திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஆல்பத்தில் வைத்துப் பார்ப்பதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தனி சுகம்.

தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் ஆட்சியிலுள்ள தீவு டிரிஸ்டன் ட குன்ஹா. அதன் கதை இன்னும் கனமானது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து சுமார் 2,800 கிலோமீட்டர். விமானம் கிடையாது, கப்பல்தான். 1946-இல் அந்தத் தீவுக்காக ஒரு மாதிரி அஞ்சல்தலை தயாரித்தார்கள். அதில் விலை இரண்டு விதமாக இருந்தது: ஒரு பென்னி, அல்லது நான்கு உருளைக்கிழங்கு! காசே அதிகம் புழங்காத ஊரில் கிழங்குதான் நாணயம். லண்டனிலிருந்த பிரிட்டிஷ் அரசு அதை ஏற்கவில்லை. செயின்ட் ஹெலினா என்ற இன்னொரு பிரிட்டிஷ் தீவின் அஞ்சல்தலைகள்மீது டிரிஸ்டன் பெயரை அச்சடித்து விற்க 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1961-இல் ஊருக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்தது. மொத்த ஊரும் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு உதவ, செயின்ட் ஹெலினாவில் நிவாரணத் தொகை சேர்த்து விற்ற தலைகளையும் லண்டன் சில நாளிலேயே நிறுத்திவிட்டது. அதற்குள் விற்றது 434 தொகுப்புகள். இன்று அவை பெரும் பணக்காரர் கைக்குத்தான் எட்டும்.

இங்கிலாந்தில் வேலை, மின்விளக்கு, டாக்டர் எல்லாம் கிடைத்தும், திரும்பிப் போகலாமா என்று வாக்கெடுத்தபோது 148 பேர் போகலாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் ஐந்தே பேர். லாவா மீன் பதப்படுத்தும் ஆலையை விழுங்கியிருந்தது. வீடுகள் பெரும்பாலும் தப்பியிருந்தன. எரிமலைக் கல்லில் கொத்திய சுவர், நார்ச்செடித் தழை வேய்ந்த கூரை. இன்று அப்படி வேய்ந்த வீட்டைப் பார்க்க அவ்வூரில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட வீட்டை ஒரு தீவு தன் அஞ்சல்தலையில் போட்டால், அதைச் சேகரிப்பவன் தலையில் கட்டும் சரக்கு என்பது நியாயமில்லை.

உங்கள் குறிப்பாளருக்குக் கோபம் வர வேண்டிய இடம் வேறு. தம் மண்ணில் கால் வைக்காத சினிமா நட்சத்திரங்களையும் கார்ட்டூன் பொம்மைகளையும் அச்சடிக்க, வெளிநாட்டு ஏஜென்டுகளுக்குப் பெயரை வாடகைக்கு விடும் நாடுகள் உண்டு. அந்தத் தலைகளில் பலவற்றை அந்நாட்டுத் தபால்காரரே பார்த்திருக்க மாட்டார்.

ஒரு வேண்டுகோள். இனி அஞ்சல்தலைப் படம் போடும்போது ஓரத்தைக் கத்தரிக்காதீர்கள். வெளியான ஆண்டும் விலையும் படத்தின் கீழுள்ள வாசகமும் படிக்கிற அளவில் இருக்கட்டும். சென்ற இதழில் வீடுகள் தெரிந்தன, தீவின் பெயர் பாதியோடு நின்றுவிட்டது.

இப்படிக்கு,
அஞ்சல்தலை சேகரிக்கும் ஒரு வாசகர்