லேசிக் செய்த கண்ணில் புரை: வசந்திக்கு ஒரு கடிதம்

மந்தைவெளி, சென்னை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! மருமகளும் குழந்தையும் சௌக்கியமாக இருக்கட்டும். பதில் உடனே எழுதியிருப்பேன். ஆனால் எனக்கும் புரைதான், மறுநாள் அதற்காகக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு எழுதலாம் என்று நிறுத்தி வைத்தேன். காரணம், உன் கடிதத்தின் அடியில் நீ போகிற போக்கில் எழுதியிருந்த விஷயம்தான்: இடது கண்ணில் புரை, மாசியில் ஆபரேஷன், பத்து நிமிஷ வேலையாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கண்ணாடி வேண்டாம் என்று லேசரால் கருவிழியைச் செதுக்கிக்கொண்டோமே, அந்த லேசிக்கைப் பற்றி அங்கே சொன்னாயா?

சொல்லியிருக்காவிட்டால் நாளைக்கே போய்ச் சொல்லிவிடு, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லி எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வா. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கண்ணாடி போட்டதே மறந்துபோச்சு, அதனால் அது நமக்கு ஒரு நோயாகவே ஞாபகம் வராது. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, என்ன மாத்திரை என்று கேட்பார்கள், அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். கருவிழியில் பழைய வெட்டின் விளிம்பு கருவி வைத்துப் பார்த்தால் தெரியும்தான். ஆனால் அது மிக மெல்லிய கோடு. கூட்டம் நெரியும் நாளில் கண்ணில் படாமல் போகலாம்.

என்னோடு வங்கியில் வேலை பார்த்த ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஆபரேஷன் அருமையாக நடந்தது, வலி இல்லை, கண் சிவக்கவில்லை. கட்டைப் பிரித்தால் தூரமும் மங்கல், பக்கமும் மங்கல். பிளஸ் இரண்டு பவர் வந்திருக்கிறது. நம்மைப் போல மைனஸ் பவரோடு வளர்ந்தவர்களுக்குக் கண்ணாடியைக் கழற்றினாலும் புத்தகமாவது தெரியும். பிளஸ்ஸில் அதுவும் போய்விடும். மனிதர் ரொம்ப ஒடிந்துபோனார். கடைசியில் கண்ணாடி போட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். அளவெடுத்தவர்களுக்கு லேசிக் விஷயம் தெரியவே தெரியாது.

ஏன் இப்படி ஆகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். நல்ல மனுஷி, நிதானமாக விளக்கினார். புரையை எடுத்துவிட்டு வைக்கும் லென்ஸுக்கு என்ன பவர் என்பதை இரண்டு அளவுகளை முக்கியமாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஒன்று கண்ணின் நீளம், இன்னொன்று கருவிழியின் வளைவு. நீளத்தில் நமக்குச் சிக்கல் இல்லை. என் கண் 27 மில்லிமீட்டர், சாதாரணமாக 23.5 பக்கம் இருக்குமாம். சிக்கல் வளைவில்தான். லேசர் நம் கருவிழியின் நடுவைச் செதுக்கித் தட்டையாக்கிவிட்டது. வழக்கமான கருவியோ நட்ட நடுவை அளப்பதில்லை, சுமார் 3 மில்லிமீட்டர் வட்டத்தின் மேல் சில புள்ளிகளை அளக்கிறது. அங்கே வளைவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அப்புறம், அது கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பின்பக்கம் இன்ன விகிதத்தில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறது. லேசிக் முன்பக்கத்தை மட்டும் மாற்றியதால் அந்த விகிதம் நமக்குப் பொருந்தாது. மூன்றாவது, புதிய லென்ஸ் கண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்காரும் என்பதையும் பழைய கணக்குகள் இந்த வளைவை வைத்தே ஊகிக்கின்றன. தட்டையான கருவிழியைப் பார்த்தால் லென்ஸ் முன்னால் உட்காரும் என்று எடுத்துக்கொண்டு பவரைக் குறைத்துவிடும். மூன்று பிழையும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன. பவர் குறைந்த லென்ஸை வைத்துவிடுவார்கள், கண் பிளஸ்ஸுக்குப் போய்விடும்.

எனக்கு எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். "தாடையை வைங்கம்மா, நெத்தியை ஒட்டுங்க, நல்லா சிமிட்டிட்டுப் பெருசா தொறங்க" என்று அந்தப் பெண் சொல்லச் சொல்ல, வட்டத்துக்குள் வட்டமாக ஒளிரும் வளையங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேனே, அதில் கிடைத்த படம். ஓரமெல்லாம் பச்சையும் மஞ்சளும், நடுவில் மட்டும் அழுத்தமான நீலம். நீலம் என்றால் தட்டை. ஓரத்தில் 43 என்று காட்டிய வளைவு எண் நடுவில் 37-க்கு இறங்கியிருந்தது. 2002-ல் நுங்கம்பாக்கத்தில் அந்த அறைக்குள் நீயும் நானும் மாறி மாறிப் போய் வந்தோமே, அந்தச் சில நொடி லேசர் செய்த வேலை இன்னும் அப்படியே அங்கே இருக்கிறது. எனக்கு அப்போது மைனஸ் எட்டு. கருவிழியின் மொத்த கனமே அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டரைச் செதுக்கியிருப்பார்கள் என்றார்.

அந்த லேசரைப் பற்றி உனக்குத் தெரியுமோ என்னவோ. அது திசுவைச் சுடாமல் சுத்தமாகச் செதுக்கும் என்று கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ரங்கசுவாமி ஸ்ரீனிவாசன், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1981-ல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் விருந்தில் மீந்த வான்கோழி இறைச்சியின் மேல் முதலில் சோதித்திருக்கிறார்கள். 2013-ல் ஒபாமா கையால் அவரும் கூட்டாளிகள் இருவரும் பதக்கம் வாங்கினார்கள். இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. அந்த லேசரால் நான் இருபது வருஷத்துக்கு மேல் கண்ணாடி இல்லாமல் வாழ்ந்தேன். அது வரமா இல்லையா என்று எனக்குச் சந்தேகமே கிடையாது, புரை வந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் மாதிரி அதிக மைனஸ் கண்களுக்குப் புரை கொஞ்சம் முன்னாலேயே வரும், அவ்வளவுதான்.

சரி, இதற்கு வழி இருக்கிறது. லேசிக் செய்த கண்களுக்கென்றே தனிக் கணக்குகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிரஹாம் பாரட் உருவாக்கிய பாரட் ட்ரூ-கே, ஜெர்மனியின் ஹைகிஸ்-எல், இன்னும் சில. அமெரிக்காவின் கண்புரை, பார்வைத் திருத்த அறுவை சிகிச்சைச் சங்கம் இவற்றை ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் கால்குலேட்டரையே வைத்திருக்கிறது. என் வலது கண்ணுக்கு லென்ஸ் பவர் 17 என்று பழைய கணக்கு சொன்னது. புதியவை 18.5, 19, 19.5 என்று சொல்லின. இவற்றில் எதை எடுப்பது என்பதில்தான் டாக்டரின் அனுபவம் இருக்கிறது. கொஞ்சம் மைனஸ் பக்கம், அரை பவர் போல, குறிவைத்துக்கொள்கிறேன், பிசகினாலும் பிளஸ்ஸுக்குப் போகாது என்றார். உன் டாக்டரிடமும் இதைக் கேள்: எந்தக் கணக்கு, எந்தக் குறி? கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். லேசிக் கண்ணைப் பழகியவர் என்றால் சந்தோஷமாகவே சொல்வார். பிளஸ் பவருக்கு லேசிக் செய்துகொண்டவர்களுக்கு எல்லாம் தலைகீழ், அது நம் கதை இல்லை.

பழைய காகிதங்களைத் தேடு. லேசிக்குக்கு முந்தைய பவர், அன்று எடுத்த கருவிழி அளவு, எவ்வளவு திருத்தினார்கள், இவை கிடைத்தால் கணக்குக்கு உதவும். நமக்குச் செய்த அந்த இடம் இப்போது இல்லை, ஃபைலும் போயிற்று. எனக்கு பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவில் டிஸ்சார்ஜ் சீட்டு அகப்பட்டது. உனக்கு அது கிடைக்காவிட்டாலும் கண்ணாடிக் கடைச் சீட்டு ஏதாவது இருக்கும், சோடாபுட்டிக் கண்ணாடியே எங்காவது கிடந்தால் அதையும் எடுத்து வை. அதிலிருந்தே பவரை அளந்துவிடுவார்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் கலங்காதே, இன்றைய அளவுகளை மட்டும் வைத்தே போடும் கணக்குகள் நன்றாக வேலை செய்கின்றன.

அளவெடுக்கும் முன் கண் வறட்சியைச் சரிசெய்ய வேண்டும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. லேசிக் வெட்டில் கருவிழி நரம்புகள் அறுபடுவதால் கண்ணீர் குறைந்துபோகிறது, சிலருக்கு அது நீடிக்கிறது, வயதும் சேர்ந்துகொள்கிறது. கண்ணீர்ப் படலம் திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தால் கருவியும் தாறுமாறாக அளக்கும். முதலில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒத்துப்போகாததால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும், வெந்நீர் ஒத்தடமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சில வாரம் கழித்து எடுத்த அளவுதான் நிலையாக நின்றது. அதனால் போன அன்றே அளவெடுத்து மறுநாள் ஆபரேஷன் என்று சொன்னால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்.

இரண்டு விஷயம் உன்னிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். லேசிக் நம் கண்ணாடியைத்தான் எடுத்தது, கண் இன்னும் அதே நீளக் கண்தான். விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், ஓட்டையோ கிழிசலோ இருக்கலாம், புரை ஆபரேஷனுக்குப் பிறகு அது பிய்ந்து வரும் ஆபத்து நம் போன்றவர்களுக்குக் கூடுதல். சொட்டு விட்டுக் கண்பாப்பாவை விரித்து ஓரம் வரைக்கும் பார்க்கச் சொல். பின்னால் எப்போதாவது மின்னல் வெட்டினாற்போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல இருந்தாலோ அன்றே ஓட வேண்டும்.

இன்னொன்று கண் அழுத்தம். உனக்கு ஞாபகமிருக்கும், என் அம்மா கிளாகோமா என்ற கண் அழுத்த நோய்க்காக எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். 1819-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, அந்த வராந்தாவில் நானும் எத்தனையோ காலைகள் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அழுத்தம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். லேசிக் கண்ணில் அந்த நார்மலை அப்படியே நம்பக்கூடாதாம். கருவிழி மெலிந்துவிட்டதால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு விடும் ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும், அந்த ஏற்றமும் அளவில் தெரியாமல் போகலாம். வீட்டில் யாருக்காவது கிளாகோமா உண்டா என்று கேட்காவிட்டாலும் நீயாகச் சொல். உன் பெரியப்பாவுக்கு இருந்ததே.

இனி லென்ஸ். உன் மகன் மல்டிஃபோக்கல் வைத்துவிடலாம், கண்ணாடியே வேண்டாம் என்கிறானாம். ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்கு டாக்டர் வேண்டாம் என்றார், எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அந்த லென்ஸ் வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் பக்கத்துக்குமாகப் பங்கு போடுகிறது. செதுக்கிய கருவிழி ஏற்கெனவே இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் காட்டுகிறது. மெட்ரோ வேலைக்காக ஆர்.கே. மட் சாலையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், ராத்திரி எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொன்றும் இப்போதே எனக்குப் பூவாக விரிகிறது. அதோடு இதுவும் சேர்ந்தால் தாங்காது. மேலும் அந்த வகைக்குப் பவர் துல்லியமாக அமைய வேண்டும், நமக்கு நிச்சயம் குறைவாக இருப்பதே அதில்தான். கருவிழி ஒழுங்காகச் செதுக்கப்பட்ட சிலருக்கு வைக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் உனக்கு அதை முடிவுசெய்ய வேண்டியது உன் கருவிழிப் படத்தைப் பார்த்த டாக்டர். எனக்கு ஒரே தூரத்துக்கான மோனோஃபோக்கல், படிக்கக் கண்ணாடி. வைத்த பிறகு ஒளியைப் பாய்ச்சிப் பவரைத் திருத்தும் லென்ஸுக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் நம் போன்றவர்களுக்கு நல்ல செய்திதான். உன் மகன் அங்கேதானே இருக்கிறான், விசாரிக்கட்டும்.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை பல பாலிசிகளில் கண்புரைக்கென்று தனி உச்சவரம்பு உண்டு, விலை கூடிய லென்ஸின் வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். அட்மிஷனுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

இரண்டு கண்ணையும் அடுத்தடுத்துச் செய்ய ஒப்புக்கொள்ளாதே. எனக்குத் தை கடைசியில் வலது கண். ஒரு மாதமாவது விட்டு, பவர் நிலைத்த பிறகு, எவ்வளவு பிசகியது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை இடது கண் கணக்கில் சேர்ப்பார்கள். முதல் கண்ணின் விடைதான் இரண்டாவது கண்ணுக்குக் கிடைக்கும் மிக நல்ல தகவல் என்றார். பிசகினாலும் கண்ணாடி உண்டு, மேலே லேசரால் சின்னத் திருத்தம் உண்டு, தேவைப்பட்டால் லென்ஸை மாற்றவும் செய்யலாம். அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அதுவரை மார்கழிக் கச்சேரிகளை ஒன்று விடாமல் கேட்கப் போகிறேன், மேடை மங்கலாக இருந்தாலும் பாட்டு தெளிவாகத்தான் கேட்கிறது.

உங்கள் திருநெல்வேலியிலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, அதனால் சென்னைக்கு வந்தாக வேண்டும் என்று இல்லை. ஆனால் இன்னொருவர் கருத்தையும் கேட்டால் மனசு தெளியும் என்று தோன்றினால் புறப்பட்டு வா. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறித் தாம்பரத்திலேயே இறங்கிவிடு, நான் வண்டியோடு நிற்கிறேன். கண்ணில் சொட்டு விட்ட அன்று பேருந்தில் தனியாக அலைய வேண்டாம், இங்கேயே தங்கு. பழைய சீட்டு ஏதாவது அகப்பட்டால் முதலில் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு, அடுத்த முறை போகும்போது என் டாக்டரிடம் காட்டிக் கேட்டு வைக்கிறேன். குழந்தைக்கு என்ன பெயர் என்று எழுதவே இல்லையே நீ?

அன்புடன்,
கல்யாணி