டியூப் வாங்குவதற்கு முன்

பட்டர்வொர்த்
ஞாயிறு இரவு

அன்புள்ள ஐயா,

குட்டையில் உட்கார்ந்து மிதந்தபடியே மீன் பிடிக்கும் காற்று டியூப் என்று நீ வாட்சாப்பில் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "அப்பா, இதுல எது நல்லது?" என்று கீழே ஒரு வரி. எவ்வளவோ நாள் கழித்து வந்த வரி என்பதால் அம்மாவிடமும் காட்டினேன். போனில் பதில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் படத்தில் இருக்கும் வட்ட டியூப் வேண்டவே வேண்டாம். நம் பஞ்சர் கடை லோரி டியூபுக்குத் துணி உறை மாட்டி, நடுவில் ஆசனம் தைத்தால் என்ன வருமோ அதுதான் அது. மேலிருந்து காலை உள்ளே விட்டு இறங்க வேண்டும், அவசரத்தில் வெளியே வர முடியாது. கவிழ்ந்தால் கால் மாட்டிக்கொள்ளும். சின்ன வயதில் தெலுக் பஹாங்கில் லோரி டியூபில் மிதந்தாயே, அந்த நீட்டு வால்வு முதுகைக் கிழித்த தழும்பு உனக்கு இன்னும் இருக்கும். அந்த டியூபை நம்பி இடுப்பளவு தண்ணீருக்கு மேல் உன்னை நான் விட்டதில்லை.

மற்ற இரண்டும் முன்பக்கம் திறந்தவை. யு வடிவத்தை விட வி வடிவம் நல்லது. காலில் ஃபின், அதுதான் அந்த ரப்பர் துடுப்பு, மாட்டிக் காலடித்தால் அது பின்பக்கமாகத்தான் போகும். வி டியூபின் கூர்முனை உன் முதுகுப் பக்கம் இருப்பதால் தண்ணீரைச் சுலபமாக வெட்டிக்கொண்டு போகும், காலும் சீக்கிரம் ஓயாது. ஆனால் போகிற திசை உன் கண்ணுக்குத் தெரியாது, அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். கரையில் ஒரு ஆள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் நல்லது. யார் உன்னோடு வருகிறார்கள்? அதை நீ எழுதவில்லை.

வலை ஆசனமா, காற்று அடைத்த ஆசனமா என்று பார். வலை ஆசனத்தில் இடுப்பு வரை தண்ணீரில் ஊறும். நம் ஊர் தண்ணீர் குளிராது என்பது சரிதான், ஆனால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் இருக்கிறதே. தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், அதன் வழியாக ஏறிவிடும். காற்று ஆசனம் உன்னைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கும், தூண்டில் வீசவும் வசதி. அதோடு ஆசனமே தனி அறையாக இருக்கும். இதை நன்றாகக் கேட்டு வாங்கு: இடது குழாய்க்கு ஒரு காற்றுப் பை, வலது குழாய்க்கு ஒரு பை, ஆசனத்துக்கு ஒரு பை. ஒன்று போனாலும் மற்றது உன்னைக் கரை சேர்க்கும். ஒரே பை உள்ளதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே.

உள்ளே இருக்கும் பை எந்தப் பிளாஸ்டிக், பிவிசியா, டிபியூவா என்றும் கேள். நம் கடையில் ரப்பர் டியூப் ஒட்டும் சொலுஷன் இரண்டிலும் நிற்காது. பிவிசிக்கு அதற்கான பசை, டிபியூவுக்கு அதற்கான பசை. டியூபோடு வரும் ஒட்டுத் துண்டைத் தொலைக்காதே. வாங்கியதும் வீட்டு ஹாலில் காற்று நிரப்பி ஒரு இரவு வை. ஏர்கான் போட்ட அறை என்றால் காலையில் கொஞ்சம் தளர்ந்திருக்கும், குளிரில் காற்று சுருங்கும், அது ஓட்டை இல்லை. சந்தேகம் இருந்தால் சோப்பு நுரையைத் தையல் ஓரத்திலும் வால்வைச் சுற்றியும் தடவு. ஓட்டை இருந்தால் நுரை ஒரே இடத்தில் கொப்பளித்துக்கொண்டே இருக்கும், விடாமல் பார். வால்வுக்குள் ஒரு மணல் துகள் இருந்தாலே காற்று போகும். நீ ஸ்கூல் விட்டு வந்து கடைத் தொட்டியில் டியூபை முக்கி முக்கிப் பார்த்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

வெயிலில் கரையில் போட்டு வைத்தால் காற்று விரிந்து தையல் பிய்யும். கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு வை. தண்ணீரில் இறக்கியதும் திரும்ப அடித்துக்கொள்.

எடை எவ்வளவு தாங்கும் என்பதில் உன் உடம்பை மட்டும் கணக்குப் போடாதே. பெட்டி, நனைந்த துணி, பிடித்த மீன் எல்லாம் சேரும். அப்புறம், அது ஒருவர் மட்டும் உட்காரும் சாமான். பாப்பா ஆசைப்பட்டாள் என்று மடியில் வைத்துக்கொண்டு இறங்கிவிடாதே. பாப்பாவிடம் பேச வேண்டும் என்று அம்மா கேட்கும்போதெல்லாம் தூங்குகிறாள் என்கிறாய். மாலை ஆறு மணிக்குத் தூங்குகிற பிள்ளையா அவள்? ஈப்போ சம்பந்தியும் இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை. சரி, அவர்களுக்கும் வேலை இருக்கும்.

பச்சை நிறக் காட்டு டிசைன் பிடித்திருக்கிறது என்று வட்டம் போட்டிருக்கிறாய். வேண்டாம். மோட்டார் படகுக்காரன் கண்ணில் படுகிற மாதிரி ஆரஞ்சு இருந்தால் எடு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதே. கழுத்தில் விசில் தொங்க வேண்டும்.

பூச்சோங் பக்கம் ஈயம் தோண்டி விட்ட பழைய ஈயக்குட்டைகளுக்குப் போவதாக உன் கூட்டாளி சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். ஈயக்குட்டையில் கரையை விட்டு நாலு எட்டு வைத்தால் சட்டென்று ஆழம், அடியில் சேறு. ஃபின்னோடு பின்பக்கமாக நடந்து இறங்கும்போது கால் புதைந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாய். ஒரு குச்சியால் குத்திப் பார்த்து இறங்கு. தெமெங்கோர், கென்யிர் அணை ஏரிகள் பக்கம் போனால் தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நிற்கும். முறிந்த கிளை ஒன்று துணியையும் பையையும் சேர்த்துக் குத்தும். ஆற்றிலும் ஓடும் தண்ணீரிலும் இந்தச் சாமானே ஆகாது.

காற்றைப் பார். போகும்போது காற்றுக்கு எதிராகப் போ, கால் சோர்ந்த பிறகு காற்றே திருப்பிக் கொண்டுவரும். நவம்பர் வரைக்கும் சுமத்ரா காற்று இருக்கும். மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வந்து அடிக்கும், கிள்ளான் பள்ளத்தாக்கு வரைக்கும் போகும். நீ போவதும் விடியற்காலையில்தானே. பிற்பகலில் இடி. கார்பன் தூண்டில் மின்சாரத்தைக் கடத்தும், முதல் முழக்கம் கேட்டதும் கரைக்கு வா. அந்த நேரத்தில் கரையிலிருந்து கூப்பிட ஒரு ஆள் வேண்டாமா?

தோமான் மீன் குஞ்சுகள் செவசெவவென்று கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும். அதன் அடியில் தாயும் தகப்பனும் சேர்ந்தே காவல் நிற்கும். அந்த இடத்தில் தூண்டில் போட்டால் கடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நீ போடாதே. பெரியதை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன் தின்றுவிடும்.

பிறையில் பஞ்சர் ஒட்டுகிறவன் மகன் இஞ்சினியர் என்று இந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. இன்றைக்கும் கடைக்கு வருபவர்கள் முதலில் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நீங்கள் மூன்று பேரும் வரவில்லை. வேலை அதிகம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானே சொன்னேன். நீ ஒரு போனாவது செய்திருக்கலாம். அம்மா பால்குடம் எடுத்துத் திரும்பி வந்தும் போனைத்தான் பார்த்தாள்.

உனக்குத் தண்ணீர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பத்து மவுங் கரையில் நீயும் நானும் பேசாமலே பொழுது முழுக்க உட்கார்ந்திருப்போம். மனசுக்கு அது நல்லது, நான் இல்லை என்று சொல்லவில்லை. நீ தனியாக நடுக்குட்டையில் மிதப்பதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என்னவாக இருந்தாலும் சரி, நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

வி வடிவம், மூன்று பை, காற்று ஆசனம், ஆரஞ்சு. வாங்கிவிடு, ஆனால் தண்ணீரில் இறக்காதே. வருகிற வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஈடிஎஸ் ரயிலில் வருகிறேன். முதல் தடவை நான் கரையில் இருக்கிறேன். அம்மாவும் வருகிறேன் என்கிறாள், அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன். அறை எப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை, எங்களுக்காக ஒன்றும் ஒழுங்கு பண்ண வேண்டாம். பம்ப் வாங்கிக் காசை வீணாக்காதே, கடையில் இருக்கும் கால் பம்பை எடுத்து வருகிறேன். வால்வு என்ன அளவு என்று மட்டும் படம் எடுத்து அனுப்பு.

அப்பா