போட்ஸ்டாமர் பிளாட்ஸைத் தேடிய கிழவர்

பெர்லின்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அலுவலகத்தில் வேலை பழகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் சக ஊழியர்கள் அடிக்கும் ஜோக்குகள்தான் இன்னும் பிடிபடவில்லை. எல்லோரும் சிரித்து முடித்த பிறகே எனக்குப் பொருள் விளங்குகிறது. ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவள் இங்கே ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன்.

வள்ளி திருமணம் நாடகத்தில் பபூன் வரும் காட்சிக்காகவே விடிய விடியக் கண்விழித்திருப்பவர் நீங்கள் என்பதால், கூர்ட் போய்ஸ் என்ற நடிகரைப் பற்றி உங்களுக்கு எழுதத் தோன்றியது. 1901-இல் இதே நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாகவே மேடையேறியவர். இருபதுகளில் கபரே அரங்குகளில் புகழ் பெற்றார். கபரே என்றதும் பழைய சினிமாவின் கிளப் டான்ஸை நினைத்துவிடாதீர்கள். இங்கே அது பாட்டும் பேச்சும் நையாண்டியுமாக நாட்டுநடப்பைக் கிண்டலடிக்கும் கலை, ஏறக்குறைய நம் பபூனின் வேலை.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறி, மறு ஆண்டு அமெரிக்கா சேர்ந்தார். பேச்சை நம்பிப் பிழைத்தவருக்கு ஹாலிவுட்டில் கிடைத்தவை பெரும்பாலும் துண்டு வேடங்களே. 1942-இல் எடுக்கப்பட்ட ‘காசாபிளாங்கா’வில் அவர் ஜேப்படித் திருடன்: ஊரெல்லாம் கழுகுகள், எச்சரிக்கையாக இருங்கள் என்று ஒருவரை ஒட்டி நின்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டே அவருடைய பர்ஸை உருவிவிடுகிறார். இதற்கிடையில் நாஜிகள், 1927-ஆம் ஆண்டுப் படமொன்றில் அவர் பெண் வேடமிட்டு நடித்த காட்சியை வெட்டி எடுத்து, 1940-இல் வெளியிட்ட யூத வெறுப்புப் படத்தில் சேர்த்திருந்தார்கள். சிரிக்க வைத்ததையே குற்றச்சாட்டாக மாற்றிய அந்தக் கயமையை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

அப்படியும் 1950-இல் அவர் பெர்லினுக்கே திரும்பி, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகக்குழுவில் பண்ணையார் புன்டிலாவாக நடித்தார். 1987-இல் விம் வெண்டர்ஸ் இயக்கிய படத்தில், நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் மதிலோரப் புல்வெளியில் போட்ஸ்டாமர் பிளாட்ஸ் என்ற பழைய சதுக்கத்தைத் தேடி அலைந்து, கண்டுபிடிக்க முடியாமல், யாரோ வீசியெறிந்த இருக்கையில் உட்காரும் கிழவர் அவர்தான். 1991-இல் இங்கேயே காலமானார்.

தினமும் அதே போட்ஸ்டாமர் பிளாட்ஸில்தான் நான் ரயில் மாறுகிறேன். புல்வெளி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கோபுரங்கள். மதில் நின்ற இடத்தைத் தரையில் பதித்த கல்வரிசை காட்டுகிறது.

ஊருக்கு வரும்போது அந்தத் திருடன் காட்சியைப் போட்டுக் காட்டுகிறேன். பேச்சு புரியாவிட்டால் பரவாயில்லை, அவர் கையை மட்டும் பாருங்கள்.

அன்பு மகள்