மலைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கனடாவிலிருந்து அனுப்பிய பான்ஃப் பூங்காப் படங்களை உன் தங்கச்சி பெரிதாக்கிக் காட்டினாள். பனிமலையும் பச்சைத் தண்ணீரும் அழகாகத்தான் இருக்கின்றன. "வாங்கம்மா, காடியிலேயே சுற்றிக் காட்டுகிறேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் அவள் சிரித்தாள். "வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மலையையே நீங்கள் தாண்டியதில்லையே!"

உண்மைதான். முப்பது வருடம் இந்த மலேசிய ரப்பர் தோட்டத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டினேன். விடிந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த மலைதான். ஆனாலும் அதன் பக்கம் போக நினைத்ததில்லை. உன் பாட்டி வைத்த பயம் அது. 1948-இல் நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அப்புறம் அவசரகாலம், ஊரடங்கு. சாகும்வரை அவருக்கு மலை என்றால் துப்பாக்கிதான்.

சரி, போன மாதப் பள்ளி விடுமுறையில் தங்கச்சியின் பழைய மைவி காரில் கிளம்பிவிட்டோம். கோலகங்சார் தாண்டி, கிரிக்கில் பசியாறிவிட்டு கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். 1982-இல் திறந்த சாலை. போடும்போது கம்யூனிஸ்டுகள் தாக்குவார்களாம், ராணுவக் காவலோடுதான் வேலை நடந்ததாம். பாட்டி பயந்த ஆட்கள் இருந்த காட்டுக்குள் நான் கடலை கொறித்துக்கொண்டு போனேன்.

தெமெங்கோர் ஏரிப் பாலத்தருகே காடியை நிறுத்தினோம். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் தண்ணீரில் மொட்டையாக நிற்கின்றன. வடக்கே பெலும் காடு. அது தேசியப் பூங்கா இல்லை, மாநிலப் பூங்கா என்று தங்கச்சி திருத்தினாள் (டீச்சர் அல்லவா!). நம் நாட்டில் உள்ள பத்து வகை இருவாச்சியும் அங்கே உண்டாம். நாங்கள் பார்த்தது இரண்டே பறவைகள். ஆனால் இறக்கைச் சத்தம்! தலைக்கு மேல் யாரோ பெரிய முறத்தால் வேகமாகப் புடைப்பது போல இருந்தது. கேட்டபின்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

அதற்கப்புறம் வளைவு வளைவாக ஏற்றம். எனக்குத் தலை சுற்றியது, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தேன். உச்சிக்குப் பக்கத்தில் காடிக் கண்ணாடியெல்லாம் பனிமூட்டம். இதைத்தான் இத்தனை வருடம் கீழே இருந்து மேகம் என்று பார்த்தேனா என்று தோன்றியது. இறங்கி நின்றேன். துப்பாக்கியும் இல்லை, யாரும் இல்லை. குளிர்தான். உன் பாட்டியை நினைத்துக் கொஞ்சம் அழுதேன். தங்கச்சியிடம் சொல்லாதே, குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜெலி வழியாக குவா மூசாங் போய் இரவு தங்கினோம். மறுநாள் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் மெராபோ வாசல்வரை போனோம். ஒரே மழை, தஹான் மலை கண்ணில் படவே இல்லை. லோஜிங் வழியாகக் கேமரன் மலைக்குத் திரும்பும் பாதைதான் பிடிக்கவில்லை. சரிவையெல்லாம் வழித்துவிட்டுக் காய்கறிக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். மழையில் செம்மண் சாலைக்கே வழிகிறது. காம்போங் ராஜாவில் கீரை வாங்கும்போதுகூட எனக்கு மனசே இல்லை. வாங்கினேன், அது வேறு.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே கரடி கடக்க சாலைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள் என்றாயே, அது உண்மையிலேயே அதில் போகிறதா? கிரிக் பக்கம் யானை கீழே நுழைந்து போகட்டும் என்று சாலையைத் தூணில் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் பார்த்த யானை அதைத் தாண்டி ரொம்ப தூரத்தில், சாலை ஓரத்தில் புல் தின்றுகொண்டு நின்றது. தங்கச்சி விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் மீதிக் கடலையைத் தின்று முடித்தேன்.

அன்புடன்,
அம்மா