குஞ்சு வஞ்சிரம் ஏலம் போவதையும் உணவகங்களில் விற்கப்படுவதையும் தடுக்கக் கோரும் மனு

பெறுநர்: உயர்திரு உதவி இயக்குநர் (மீன்வளம்) அவர்கள்
அனுப்புநர்: ஃபைபர் படகு மீனவர்களும் மீன் விற்கும் பெண்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து முன்னர் அளித்த மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்ததேயன்றி நடவடிக்கை ஏதும் இல்லாததால், மீண்டும் தங்கள் மேலான பார்வைக்கு எழுதுகிறோம். நம் ஏலக்கூடமும் சாலையோர உணவகங்களும் தாங்கள் நன்கு அறிந்தவையே.

1. தட்டுக்குள் அடங்கும் முழு வஞ்சிரத்தை வறுத்துப் பரிமாறுவது உணவகங்களில் வழக்கமாகிவிட்டது. வஞ்சிரம் சுமார் 70 செ.மீ. வளர்ந்த பிறகே முட்டையிடும் பருவத்தை அடைகிறது. தட்டில் அடங்குவது அதில் பாதிகூட இராது. ஒருமுறையேனும் முட்டையிடாத மீனை, ஏலம் தொடங்கும் முன்பே உணவக முகவர்கள் கூடைக் கணக்கில் பேசி முடித்துவிடுகிறார்கள்.

2. விசைப்படகுகள் இழுக்கும் இழுவலையின் மடிக்கண் (மீன் சேரும் கடைசிப் பையின் வலைக்கண்) 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது மாநில விதி. அதைக் கரையில் யார் அளக்கிறார்கள்? பெரிய கண் வலையும் தூண்டிலும் கொண்டு செல்லும் நாங்கள் வளர்ந்த வஞ்சிரத்தையே நம்பியிருக்கிறோம். குஞ்சிலேயே அள்ளிவிட்டால் எங்கள் வலைக்கு எது மிஞ்சும்? படகு வெறுமையாகத் திரும்பும் நாளில் எரிபொருள் கடன் ஏறுவதோடு, எங்கள் மீனை எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்கும் அன்று பிழைப்பு இல்லை. வட்டிக்குப் பணம் வாங்கி வெளியூர் ஐஸ் மீனை எடுத்துச் சென்றால், வாங்க வருபவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மாலைக்குள் விலை பாதியாகிறது. இரவுக்குள் அதுவும் இல்லை. வட்டிக்காரர் மட்டும் தவறாமல் வருகிறார். இதை இன்னும் எத்தனை முறை எழுதுவது, ஐயா?

3. உணவகங்கள் கடல் மீனையே விட்டு வளர்ப்பு மீனுக்கு மாற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வளர்ப்பு இறாலின் தீவனத்தில் சேரும் மீன்தூளுக்கும் குஞ்சு மீன்கள்தான் அரைபடுகின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கடல் மீன் விற்பதைத் தடுக்கச் சொல்லவில்லை. குஞ்சை விடச் சொல்கிறோம்.

4. கேரள அரசு 2015இல் 14 வகை மீன்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்து, பின்னர் 58 வகைகளுக்கு விரிவாக்கியது. மத்திக்கு 10 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 14 செ.மீ. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளை 61 நாள் நிறுத்திவைத்துவிட்டு, தடை முடிந்ததும் குஞ்சுகளை அள்ள விட்டால் அந்தத் தடைக்காலம் யாருக்காக?

5. அளவுகோலோடு ஓர் அலுவலர் விடியற்காலையில் ஏலக்கூடத்துக்கு வந்தால் போதும். நாங்கள் கேட்பது அவ்வளவே.

ஆகவே, ஏலக்கூடத்திலும் உணவகங்களின் உறைபெட்டிகளிலும் சோதனை நடத்தவும், வஞ்சிரத்துக்குக் குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயித்து அமல்படுத்துமாறு அரசுக்குப் பரிந்துரைக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். இம்முறை சீட்டோடு நிறுத்தாமல், எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் மீண்டும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஃபைபர் படகு மீனவர்கள், மீன் விற்கும் பெண்கள்