வாடகைக்குப் போகும் வங்கிக் கணக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'இணைய மோசடி: கல்லூரி மாணவர் கைது' என்று நம் மாவட்டச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. படிப்பவர்கள், கம்ப்யூட்டரில் பெரிய கில்லாடி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பையன் தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்டவனாகத்தான் இருப்பான்.

இந்த இணைய மோசடித் தொழில் தனியாளால் ஆகிற காரியம் இல்லை. போலீஸ் போலப் பேசி மிரட்ட ஒருவன், சிம் கார்டு திரட்ட ஒருவன், விழுந்த பணத்தை நிமிஷத்தில் பல கணக்குகளுக்குப் பிரித்துவிட ஒருவன், கிரிப்டோ என்ற இணையப் பணமாக மாற்ற ஒருவன். முகம் பார்த்திருக்க மாட்டார்கள், பழக்கமெல்லாம் டெலிகிராமில். 2022இல் கோன்டி என்ற ரான்சம்வேர் (கம்ப்யூட்டரை முடக்கிப் பணம் பறிக்கும்) கும்பலின் உள்பேச்சு வெளியே கசிந்தபோது, மாதச் சம்பளமும் ஆள் எடுக்கும் பிரிவும்கூட அதில் இருந்தன. கம்போடியாவில் சுமார் 1 லட்சம் பேரும் மியான்மரில் 1.2 லட்சம் பேரும் மோசடிக் கூடங்களில் அடைபட்டு வேலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப்போன தமிழ்ப் பையன்களும் அங்கே சிக்கியிருந்தார்கள்.

எங்கே உட்கார்ந்து ஏமாற்றினாலும் பணம் வந்து விழ இங்கே ஒரு கணக்கு வேண்டும். புகார் போனால் அது முடங்கிவிடும். உடனே அடுத்தது வேண்டும். அதைத் தேடித்தான் நம் பக்கம் வருகிறார்கள்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண், எனக்குத் தெரிந்தவர். "ஒரு மாசம் எங்கிட்ட இருக்கட்டும் சித்தி" என்று அக்கா மகன் இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் எல்லாவற்றையும் வாங்கிப்போனான். பிறகு வேறு மாநிலப் போலீஸ் சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். பீடிக் கூலியும் மகளிர் உரிமைத் தொகையும் உள்ளே மாட்டிக்கொண்டன. அந்தப் பையன் முதலில் கொடுத்தது தன் கணக்கை. அப்புறம், ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் என்றார்கள். சித்தி, கூடப் படிக்கிறவன், அவனுடைய அண்ணன் என்று சொந்தபந்தம் வழியாகவே கும்பல் பெருத்தது. இதற்குக் கம்ப்யூட்டர் அறிவு எதற்கு?

வங்கிக் கவுன்டரில் காலம் கழித்தவன் நான். வாரக்கூலி மட்டும் ஏறும் கணக்கில் திடீரென்று லட்சங்கள் வந்து அரை மணி நேரத்தில் வெளியேறினால், கணக்குக்காரரைக் கூப்பிட்டு விசாரிக்க ஒரு போன் போதும். ஆனால் கிளைகளுக்குப் புதுக் கணக்கு பிடிக்கும் டார்கெட்தான் பெரிது. கணக்கைக் கொடுத்தால் தன் மேலும் வழக்கு வரும் என்று பீடிக் கடையிலும் கல்லூரி விடுதியிலும் பச்சைத் தமிழில் ஒட்டிவைக்கவும் ஆளில்லை.

பிடிபட்ட பையன் கணக்கை யாரிடம் கொடுத்தான், அந்த ஆள் சிக்கினானா என்பதையும் போலீஸாரிடம் கேட்டு, கைதுச் செய்தியோடு சேர்த்து வெளியிடுமாறு தங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பாளையங்கோட்டை.