முறையும் கருவியும் ஒரே பொறுப்பில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலைகளைப் பற்றிய செய்திகளில் முதலீடும் புதிய இயந்திரங்களும் பேசப்படும் அளவுக்கு, ஒரு பாகத்தை எந்த முறையில், எந்தக் கருவியால் செய்வது என்பதை அங்கே யார் தீர்மானிக்கிறார்கள் என்பது பேசப்படுவதில்லை. பொறியியல் தொழிற்சாலைகளில் பாகங்கள் வீணாவதற்கும் கெடு தவறுவதற்கும் இந்தத் தெளிவின்மை ஒரு முக்கியக் காரணம் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

முறைப் பிரிவு, பாகத்தைச் செய்யும் படிகளைக் கூறும் ப்ராசஸ் ஷீட்டை எழுதுகிறது, வடிவமைப்புப் பிரிவு, பாகத்தை இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் ஃபிக்சரை வரைகிறது, டூல் ரூம் அதைச் செய்கிறது, கொள்முதல் பிரிவு, கருவியில் வெட்டுமுனையாகப் பொருத்தும் இன்செர்ட்டுகளை வாங்குகிறது, பணித்தள மேற்பார்வையாளரான ஃபோர்மேன் உற்பத்தி எண்ணிக்கைக்குப் பதில் சொல்கிறார். முன்பே கடைந்த முகத்தில் பாகம் அமரும் என்று முறைப் பிரிவு எண்ணியிருக்க, வார்ப்பின் கரடான முகத்தில் அமரும்படி ஃபிக்சர் வரையப்பட்டிருந்தால், டூல் ரூம் வரைபடத்தை அப்படியே பின்பற்றினாலும் துளைகள் இடம் விலகத்தான் செய்யும். அப்போது ஒவ்வொரு பிரிவும் தன் காகிதத்தைக் காட்டித் தன் வேலை சரி என்று நிரூபித்துவிட முடிகிறது.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர், ஒரு ஃபோர்மேனின் பொறுப்பை எட்டுப் பேருக்குப் பிரித்து, நால்வரைத் திட்ட அறையிலும் நால்வரைப் பணித்தளத்திலும் அமர்த்தச் சொன்னார். திட்டமிடுதலைத் தனி வேலையாக்கியது அதன் நன்மை. ஒரே தொழிலாளிக்கு எட்டு மேலாளர்கள் என்பது அதன் குறை. வெட்டும் வேகத்தையும் கருவியின் ஆயுளையும் இணைக்கும் சூத்திரத்தைத் தந்தவரும் அவரே. அதன் அடுக்குக்குறி 0.25 ஆக உள்ள கார்பைடு கருவியில் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். எனவே வேகத்தை ஒருவரும் கருவியை இன்னொருவரும் தனித்தனியே முடிவு செய்வது பொருந்தாது.

ஒரு பாகத்தின் செயல்வரிசை, அமர்வுப் புள்ளிகள், பிடிமானம், வெட்டும் வேகம், அளவைச் சரிபார்க்கும் அளவி ஆகிய அனைத்துக்கும் சோதனை ஓட்டம் முடியும்வரை ஒரே முறைப் பொறியாளரே பொறுப்பேற்க வேண்டும். வரைபடத்தை வேறொருவர் வரையலாம், முடிவு முறைப் பொறியாளருடையது. கொள்முதல் பிரிவு விலை பேசலாம், ஆனால் அவருடைய ஒப்புதலின்றி இன்செர்ட்டின் தரவகையை மாற்றக் கூடாது. குறித்த நேரத்தில் நல்ல பாகங்கள் தொடர்ந்து வரும்வரை ஃபிக்சரை ஏற்க மறுக்கும் உரிமை ஃபோர்மேனுக்கு உண்டு. ஏற்றபின் அதன் அன்றாடப் பராமரிப்பு அவருடையது, காலமுறைச் சோதனை டூல் ரூமுடையது.

நான் மிகவும் கவலைப்படுவது, பணித்தளத்தில் நடக்கும் எழுதப்படாத திருத்தங்களைப் பற்றித்தான். இயந்திரத்தை வேலைக்கு அமைத்துத் தரும் அனுபவமுள்ள செட்டர் ஒருவர் ஃபிக்சரின் அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்து அளவைச் சரிசெய்துவிடுகிறார். அவர் திறமையால் உற்பத்தி நடக்கிறது, ஆனால் அவர் விடுப்பில் போகும் நாளில் பாகங்கள் மீண்டும் தவறுகின்றன. அந்தத் திருத்தம் அதே ஷிஃப்டில் முறைப் பொறியாளருக்குத் தெரிவிக்கப்பட்டு, அவர் கையொப்பத்துடன் ப்ராசஸ் ஷீட்டில் ஏற வேண்டும். செட்டரின் பெயரும் அதில் இடம்பெறுவதே நியாயம். வாகன உதிரிபாகத் துறைக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலையும் கருவி வடிவமைப்பில் செய்யும் மாற்றங்களை ஆவணப்படுத்தக் கோருகிறது.

கருவிச் செலவு முழுவதையும் டூல் ரூம் கணக்கில் எழுதும் வழக்கம் தொடர்ந்தால் இந்தப் பொறுப்புப் பிரிவினை நிலைக்காது. அந்தந்தப் பாகத்தின் கணக்கிலேயே அதை எழுதி, முறைப் பொறியாளரும் ஃபோர்மேனும் மாதந்தோறும் சேர்ந்து பார்க்க நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
உற்பத்தி முறைப் பிரிவில் பணியாற்றும் வாசகர்